டோனட் பெட்டியில் சாய்ந்த பகடை

ஆஷ்பி கிரீக், அயோவா
பிப்ரவரி 12, புதன்கிழமை

மதிப்புக்குரிய ஆர்வில் டென்பர்க் அவர்களுக்கு,

மெர்வின் பாஸ்கம் எழுதுகிறேன். உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் பிரிப்பதா, அப்படியே குப்பையில் போடுவதா என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பீர்கள். பிரித்ததற்கு நன்றி. அரிசோனாவில் நீங்களும் மகள் குவெனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி ஜன்னல் விளிம்பு வரை கிடக்கிறது. நீங்கள் ஊரைவிட்டுப் போன இந்த ஒன்பது வருடத்தில் என் வீட்டு ஹீட்டரை மூன்று பேர் பழுது பார்த்துவிட்டார்கள். மூவருக்கும் பளபளக்கும் வண்டி இருந்தது. ஹீட்டர் இன்னும் உங்களைத்தான் எதிர்பார்க்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் செவ்வாய்தோறும் மதியம் நாங்கள் நான்கு கிழவர்கள் கூடுவது உங்களுக்குத் தெரியும். பழைய பேஸ்பால் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஆடிய ஒவ்வொருவருக்கும் அவருடைய அந்த வருடத்துக் கணக்குப்படி ஓர் அட்டை தயாரிப்போம். பிறகு இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த எண்ணுக்கு அட்டை என்ன சொல்கிறதோ அதை நடந்ததாக எழுதிக்கொள்வோம். நன்றாக அடித்தவருடைய அட்டையில் நல்ல எண்கள் அதிகம் இருக்கும். மற்றதைப் பகடை பார்த்துக்கொள்ளும். வளர்ந்த ஆண்பிள்ளைகள் செய்கிற வேலையா இது என்று என் மனைவி கடைசி வரை கேட்டாள். அவளுக்குச் சொல்ல ஒரு பதிலை நான் கடைசி வரை தேடினேன்.

இந்தக் குளிர்காலத்துக்கு நாங்கள் எடுத்தது 1961-ஆம் வருடத்து ஏழு கவுண்டி லீக் இறுதித் தொடர். நம் ஊருக்கும் பக்கத்து ஊர் டோரன்ஸுக்கும் நடந்த ஏழு ஆட்டங்கள். ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் நடு மைதானத்தில் நின்ற நீங்கள் ஒரு கேட்சை விட்டீர்கள், இரண்டு பேர் ஓடி முடித்தார்கள், கோப்பை டோரன்ஸுக்குப் போனது. இதை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நினைவுபடுத்துவதையே நம் வாரப் பத்திரிகையில் முப்பத்தொரு வருடம் வேலையாகச் செய்தவன் நான். ஒவ்வொரு செப்டம்பரும் ஒரு கட்டுரை. தட்டைக் கீழே போட்ட பரிமாறும் பெண்கள் இன்றுவரை "ஆர்வில் பண்ணிட்டேன்" என்று சொல்வதற்கும் 1983-ஆம் வருடத்துக் கட்டுரைதான் காரணம். இதைப் பற்றி வேறு ஒரு நாள் எழுதுகிறேன். இன்று நல்ல செய்தி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தொடர் நேற்று முடிந்தது. சிறப்பாக ஆடியவர்களைப் பற்றி அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு. வால்ட் கிரெமருக்கு நிஜத்தில் தோள் வலி, மூன்றாம் ஆட்டத்துக்குப் பிறகு பந்தைத் தூக்கவே முடியவில்லை என்று உங்களுக்குத் தெரியும். பகடைக்குத் தோள் வலி தெரியாது. வால்ட் இரண்டு முழு ஆட்டங்கள் எறிந்து இருபத்து மூன்று பேரை மட்டையோடு திருப்பி அனுப்பினார். கசாப்புக் கடை டெல்பர்ட் ஃபிங்க் தன் வாழ்நாளில் ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை. எங்கள் தொடரில் இரண்டு அடித்தார். அவருடைய மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "செத்துப் பதினேழு வருஷம் ஆச்சு, இப்பதான் ஓட ஆரம்பிச்சாராக்கும்" என்றார். ஆனாலும் மதியத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இவர்கள் எல்லோரையும்விட மேலே நிற்பவர் நீங்கள். ஏழு ஆட்டங்களில் பதிமூன்று முறை அடித்து பேஸைத் தொட்டிருக்கிறீர்கள். நான்காம் ஆட்டத்தில் வேலி ஓரத்தில் ஒரு கேட்ச், பகடையால் அதற்கு மேல் நல்லது செய்ய முடியாது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ், நாம் ஆறு ரன், அவர்கள் ஐந்து. இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். பந்து உயரமாக நடு மைதானத்துக்குப் போனது. அங்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பகடைதான் அனுப்பியது. கேட்சுக்காக மறுபடி உருட்ட வேண்டும். முதலில் உருட்டியதில் ஒரு பகடை டோனட் பெட்டியின் மேல் சாய்ந்து நின்றுவிட்டது. சாய்ந்த பகடை செல்லாது என்பது எங்கள் விதி, எல்லா ஊர்களிலும் அதுதான் விதி. எடுத்து மறுபடி உருட்டினேன். மூன்றும் நான்கும். நீங்கள் பந்தைப் பிடித்தீர்கள். கோப்பை நம் ஊருக்கு.

அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் உங்களைப் பற்றி எழுதியதில் உங்கள் வீட்டில் வைத்துப் படிக்கக்கூடியது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வெயிலில் அதிகம் நிற்காதீர்கள்.

பணிவுடன்,
மெர்வின் பாஸ்கம்


ஆஷ்பி கிரீக்
பிப்ரவரி 26, புதன்கிழமை

மதிப்புக்குரிய ஆர்வில் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நான்கு பக்கம். உங்கள் கையெழுத்தில் இதுவரை நான் பார்த்ததெல்லாம் "வடிகட்டி மாற்றியாச்சு, அடுத்த அக்டோபர் பார்க்கலாம்" என்று ஹீட்டரின் பக்கவாட்டில் ஒட்டப்பட்ட சீட்டுகள்தான். நான்கு பக்கம் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அறிக்கையை குவென் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள், குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒருவர் அதை எழுந்து நின்று வாசித்தார், யாரென்றே தெரியாத ஒரு பெண்மணி உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு கடிதத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். படிக்க முடியாதவற்றை நான் அங்கேதான் வைப்பேன். வருமான வரித் தாள்களும் அங்கேதான் இருக்கின்றன.

நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுத வேண்டும் என்று நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். "மனுஷங்க யாராச்சும் என்னைப் பத்தி நல்லதா எழுதியிருந்தா பரிதாபப்பட்டு எழுதினாங்கன்னு நினைச்சிருப்பேன் மெர்வின். பகடைக்கு என்மேல பரிதாபமும் கிடையாது, கோபமும் கிடையாது. அதான் நம்பறேன்." இதுதான் அந்த வரி.

ஊர்ச் செய்தி கேட்டிருந்தீர்கள். தேவாலயத்துக் கூரை ஒழுகுகிறது, அதைப் பற்றி ஒரு குழு அமைத்திருக்கிறார்கள், குழு கூடும் அறையில்தான் அதிகம் ஒழுகுகிறது. தெருமுனை உணவகத்து பெர்னீஸுக்கு இடுப்பு எலும்பு மாற்றி ஆறு வாரமாகிறது, வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவளிடம் உங்கள் கேட்சைப் பற்றி கிளேட்டன் ரூஸ் சொல்லியிருக்க வேண்டும். கிளேட்டன் எங்கள் குழுவில் ஒருவர், முன்பு மருந்துக்கடை வைத்திருந்தாரே, அவர்தான். நேற்று காலை நான் உள்ளே நுழைந்ததும் பெர்னீஸ் கேட்டாள்: "ஏன் மெர்வின், இனிமே தட்டு விழுந்தா நாங்க என்னன்னு சொல்றது? உன் பேரை வெச்சுக்கட்டுமா?" எல்லோரும் சிரித்தார்கள். கிளேட்டன் சிரிக்கவில்லை. முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சொல்லாமல் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு விஷயங்கள் கேட்டிருந்தீர்கள். முதலாவது, ஏழாவது ஆட்டத்தின் ஸ்கோர் தாள், உருட்டியவரும் சாட்சியும் கையெழுத்துப் போட்டது, சட்டம் போட்டு மாட்டுவதற்கு. எங்கள் வழக்கப்படி ஒருவர் உருட்டுவார், ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார், ஆட்டம் முடிந்ததும் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அன்றைக்குச் சாட்சி கிளேட்டன். அந்தத் தாளை அனுப்புவதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. தேவாலயத்து நகல் எடுக்கும் இயந்திரம் பழுது. உண்மையில் அது பழுதாகி ஒரு வருடம் ஆகிறது, அறிக்கையை நூலகத்தில்தான் நகல் எடுத்தேன். தாளையும் நூலகத்துக்கு எடுத்துப் போகலாம்தான். இந்த வாரம் பனி அதிகம். கிளேட்டனும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டாவது, ஏப்ரல் 26-ஆம் தேதி எங்கள் குழுவின் மதிய விருந்துக்கு வர வேண்டும், விமானச் சீட்டு எடுத்தாயிற்று என்று எழுதியிருந்தீர்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஊருக்கு வருகிறீர்கள். எண்பத்தாறு வயதில், இரண்டு விமானம் மாறி. வாருங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஏப்ரலில் இங்கே சேறாக இருக்கும், மே மாதம் இன்னும் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். சீட்டை மாற்ற முடியுமா என்று குவெனைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் எழுதியவன் இதைவிட நன்றாக மழுப்பியிருக்க வேண்டும்.

உங்கள் நலம் விரும்பும்,
மெர்வின் பாஸ்கம்


ஆஷ்பி கிரீக்
மார்ச் 12, புதன்கிழமை

மதிப்புக்குரிய ஆர்வில் அவர்களுக்கு,

இதை குவென் பக்கத்தில் இல்லாதபோது உட்கார்ந்து படியுங்கள். பிறகு அவளிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

அந்தப் பகடை சாயவில்லை. இரண்டும் மேஜைமேல் படுத்துத்தான் கிடந்தன. ஆறும் ஆறும். உங்கள் அட்டையில் பந்து நழுவுவதற்கு இருந்த ஒரே எண் அதுதான். முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு. அந்த எண்ணை அட்டையில் எழுதியவனும் நானே.

மற்ற இருவரும் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். கிளேட்டன் அப்போது திரும்பி நின்று காபி ஊற்றிக்கொண்டிருந்தார். டோனட் பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளைப் பகடையை விரலால் நகர்த்தி அதன்மேல் சாய்த்து வைத்தேன். "சாய்ஞ்சிடுச்சு, மறுபடி உருட்டறேன்" என்று சத்தமாகவே சொன்னேன். எதிர்த்துக் கேட்பவர்கள் யாருமில்லாதபோது எவ்வளவு சத்தம் தேவையோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாக. இதுவரை யாரும் எங்கள் மேஜையில் இதைச் செய்ததில்லை. இங்கே சீட்டாட்டத்தில் ஏமாற்றியவர்கள் உண்டு, தேவாலயத்து ஏலத்தில் ஏமாற்றியவர்கள் உண்டு, ஒருவர் மீன்பிடிப் போட்டியில் மீனின் வயிற்றில் ஈயம் வைத்தார். அவர்களுக்காவது ஏதோ கிடைத்தது. தன்னந்தனியாகப் பகடையிடம் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

கிளேட்டன் பார்த்திருக்கிறார். காபி இயந்திரத்தின் வெள்ளித் தகட்டில் மேஜை முழுதும் தெரியுமாம். மூன்று வாரம் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. போன வியாழக்கிழமை நான் நடைபாதைப் பனியை வாரிக்கொண்டிருந்தபோது வண்டியை நிறுத்தினார். கண்ணாடியைப் பாதிதான் இறக்கினார். "நானும் முதல்ல, போனாப் போகுது, பெரியவருக்கு ஒரு நல்லது பண்றான்னு நினைச்சேம்ப்பா. அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சேன். நீ அவருக்குப் பண்ணலை. உனக்குப் பண்ணிக்கிட்டே." அப்புறம், "அந்தாளு டிக்கெட் எடுத்துட்டாராமே" என்றார். நான் இன்னொரு வாரு பனியை வாரிப் போட்டேன். "வழியில பனியைக் குவிக்காத, வண்டி போகணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. ஆறும் ஆறும் விழுந்தபோது எனக்கு உங்கள் முகம் நினைவுக்கு வரவில்லை. என் கட்டுரைகள்தான் வந்தன. முப்பத்தொன்றும் வரிசையாக. இன்னொரு முறை நீங்கள் கேட்சை விட்டால் அந்த முப்பத்தொன்றும் சரிதான் என்று ஆகிவிடும், நான் அதற்கு மேல் எழுத வேண்டியிருக்கும். நீங்கள் பிடித்துவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் கழுவிவிடலாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன். உங்களை நான் கேட்கவில்லை. முன்பும் கேட்டதில்லை.

இதில் என்னை அதிகம் கூச வைப்பது பகடை அல்ல. உங்கள் அட்டையைத் தயாரிக்க நவம்பர் முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்து 1961-ஆம் வருடத்துப் பத்திரிகைகளைத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் பத்திரிகைதான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் என் நாற்காலிக்குப் பின்னால் அதே தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒரு முறையும் திரும்பிப் பிரித்ததில்லை. நகைச்சுவைக்கு ஆதாரம் தேவையில்லை என்பது என் கொள்கை. அதை இளைஞர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தப் பருவத்தில் நீங்கள் நாற்பத்தொரு ஆட்டம் ஆடினீர்கள். உங்களை நோக்கி வந்த நூற்று அறுபத்து நான்கு கேட்சுகளில் நூற்று அறுபத்து மூன்றைப் பிடித்தீர்கள். இறுதித் தொடரில் பன்னிரண்டு முறை அடித்து பேஸைத் தொட்டீர்கள். இரண்டு அணிகளிலும் உங்களுக்கு அடுத்தவர் எட்டு. ஆறாவது ஆட்டத்தில் நாம் தோற்றிருந்தால் தொடர் அன்றே முடிந்திருக்கும், அதை வென்று கொடுத்த அடி உங்களுடையது. அதாவது நீங்கள் இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் விடுவதற்கு ஏழாவது ஆட்டமே இருந்திருக்காது. இது எல்லாம் அந்த வாரமே அச்சாகியிருக்கிறது, நான்காம் பக்கத்தில், விதை விளம்பரத்துக்குக் கீழே.

நூற்று அறுபத்து நான்கில் ஒன்று என்பதை இரண்டு பகடைகளால் காட்ட முடியாது. அவற்றால் காட்ட முடிந்த ஆகச் சிறிய வாய்ப்பு முப்பத்தாறில் ஒன்று. அதனால் அதைப் போட்டேன். அட்டையில்கூட உங்களுக்கு நான் நியாயம் செய்யவில்லை என்பதை, செய்துகொண்டிருக்கும்போதே அறிந்திருந்தேன்.

பார்த்த உண்மையை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். பொய் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனால் அதை எழுதினால் இத்தனை வருடம் ஏன் எழுதவில்லை என்று யாராவது கேட்பார்கள். பகடை சொன்னதாக எழுதினால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மனைவி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். 1988, ஆகஸ்ட் கடைசி. ஈனா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சந்தா புதுப்பிக்க வந்ததாகச் சொன்னார், புதுப்பித்தார். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "மெர்வின், இந்த ஒரு வருஷம் மட்டும் அதை எழுதாம விட்டுடேன். பையன் செத்து நாலு மாசம்தான் ஆகுது. அவர் பேப்பரைப் பிரிக்கவே பயப்படறார்" என்றார். நான் எழுந்துகூட நிற்கவில்லை. "அது கேலி இல்லைங்க, அன்பு. ஊரே அவர்மேல வெச்சிருக்கிற அன்பு" என்று சொன்னேன். ஈனா சந்தா ரசீதை மடித்துப் பையில் வைத்தார். "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த வருடமும் எழுதினேன். நன்றாகவே வந்தது. மாநில அளவில் நகைச்சுவைக்கான இரண்டாம் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. மரப்பலகையில் செதுக்கிக் கொடுத்தார்கள். அதை என் வீட்டு அடித்தளத்துப் படிக்கட்டுச் சுவரில் மாட்டினேன். அடுத்த வருடத்து அக்டோபரிலும் அதற்கு அப்புறம் வந்த ஒவ்வொரு அக்டோபரிலும் கருவிப் பெட்டியோடு அதைத் தாண்டித்தான் நீங்கள் ஹீட்டருக்குப் போனீர்கள். ஒரு தடவை அது கோணலாக இருந்தது என்று நேராக்கிவிட்டும் போனீர்கள். அதைக் கூட ஒரு கட்டுரையாக்கலாமா என்று யோசித்தவன் நான்.

நேற்று செவ்வாய்க்கிழமை மேஜையில் எல்லாவற்றையும் சொன்னேன். தபால்காரராக இருந்த நார்பர்ட்டுக்கு முதலில் புரியவில்லை. "சாயலைன்னா எதுக்குச் சாய்ஞ்சுதுன்னு சொன்னே?" என்று இரண்டு தடவை கேட்டார். அதைவிடச் சுருக்கமாக என்னை யாரும் விசாரித்ததில்லை. நான்காமவர் பாதிரியார் ஹால்வர்சன் தொழில் முறையில் மன்னிக்கக் கடமைப்பட்டவர். ஆனாலும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். தீர்ப்பு இது: முதலில் விழுந்த பகடைதான் செல்லும். ஆறும் ஆறும். பந்து நழுவியது. டோரன்ஸ் ஏழு, ஆஷ்பி கிரீக் ஆறு. கோப்பை அவர்களுக்கு, இரண்டாவது தடவையாக. எனக்கு ஒரு வருடம் பகடையைத் தொடத் தடை. காபி போடலாம்.

பிறகு தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். தோற்ற அணியிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம். எனக்கு வாக்கு இல்லை. கேட்சை நீங்கள் விட்டதாக எழுதப்பட்ட தாளை நடுவில் வைத்துக்கொண்டுதான் வாக்களித்தார்கள். இரண்டுக்கு ஒன்று. நார்பர்ட் வால்ட் கிரெமருக்குப் போட்டார். வால்ட் அவருடைய அக்காள் கணவர், ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சாப்பிட்டாக வேண்டும். மற்ற இரண்டும் உங்களுக்கு. பதிமூன்று அடிகள், வேலி ஓரத்துக் கேட்ச், அவற்றில் நான் கை வைக்கவில்லை. கிளேட்டன் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன், நகல் அல்ல, அசல். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பதை எடுத்துவிடும்படி குவெனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். கூடத்தில் அதை வாசித்தவரிடமும், கையைக் குலுக்கிய அந்தப் பெண்மணியிடமும்கூட. உங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். பொதுக்கூடத்தின் முகவரியைக் கொடுத்தால் நானே அவர்களுக்கும் எழுதுகிறேன்.

ஏப்ரலில் இங்கே சேறு அப்படி ஒன்றும் அதிகம் இருக்காது. விருந்து நடக்கிறது. உங்களுக்கு மேஜையின் தலைப்பக்கம் இடம் போட்டிருக்கிறார்கள், கிளேட்டன் தன் வீட்டில் உங்களுக்கும் குவெனுக்கும் அறை ஒதுக்கிவிட்டார். நான் அன்றைக்குக் காபி ஊற்றுகிறவன். என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் சமையலறைக்குள்ளேயே இருந்துவிடுகிறேன், அங்கிருந்து கூடத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாகக் கோப்பைகளை நகர்த்திவிடலாம்.

பத்திரிகையின் இப்போதைய ஆசிரியரிடம் பேசினேன். எனக்கு நான்காம் பக்கத்தில் ஒரு கட்டுரைக்கு இடம் தருகிறேன் என்கிறாள். 1961-ஆம் வருடத்து எண்களை மட்டும் எழுதலாம் என்று இருக்கிறேன், சிரிக்க வைக்கும் ஒரு வரியும் இல்லாமல், கீழே நான் யார், என்ன செய்தேன் என்று சேர்த்து. நீங்கள் சரி என்றால் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். பதில் வராவிட்டாலும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறேன். உங்களைப் பற்றி எழுதுவதற்கு முன் உங்களிடம் கேட்பது எனக்கு இதுவே முதல் தடவை. எப்படிக் கேட்பது என்று சரியாகத் தெரியவில்லை. தவறாகக் கேட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆர்வில். எப்படியாவது ஏப்ரலில் வந்துவிடுங்கள்.

தலைகுனிந்து,
மெர்வின்